அறுபத்தெட்டு மீட்டர்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். அவருக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. உன் வீட்டில் எல்லாரும் நலம்தானே? உட்கார்ந்து எழுதி எழுதி முதுகு பிடித்துக்கொண்டது என்றாயே, இப்போது தேவலையா?

போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் நீ யோசித்துத்தான் பதில் எழுத வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் கடைக்கு ஒரு டிரைவர் வந்தார். முதலாளியிடம் நாற்பத்தைந்து வருடத்துப் பழைய கார் ஒன்று இருக்கிறதாம். சீட்டெல்லாம் தோலில் புதிதாகத் தைக்க வேண்டுமாம். வண்டியை வெளியே அனுப்ப மாட்டார்களாம், வீட்டுக்கு வந்துதான் செய்ய வேண்டும் என்றார். முகவரியைச் சொன்னதும் என் கையில் இருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிட்டது. அப்பா பன்னிரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்த வீடு. அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பிய வீடு. கார் எது என்று இனி உனக்குச் சொல்ல வேண்டாம்.

ஒப்புக்கொண்டேன். அத்தானுக்குப் பிடிக்கவில்லை. "ஊர்ல வேற வண்டியே இல்லையா?" என்றார். அந்த வீட்டில் யாரும் என்னைப் பார்த்ததில்லை. அந்தச் சமயம் நான் கல்யாணமாகிப் போயிருந்தேன். அவர்களுக்கு நான் வெறும் குஷன்கார அம்மா.

இன்னொன்று. அந்த முதலாளியின் மகன் சிவப்பு நிறத்தில் புது ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறான். தரையோடு தரையாக, தவளை உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. அப்பன் வண்டி, மகன் வண்டி. உன் மோட்டார் பத்திரிகைக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்குமா? நீ "ஸ்டியரிங்" என்ற பெயரில்தானே எழுதுகிறாய். யாருக்கும் தெரியாது. வா.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். முதுகு பரவாயில்லை. அத்தானுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்.

நான் வரவில்லை. நீயும் போகாதே என்றுதான் சொல்வேன். இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. அப்பா போய் எட்டு வருடம். கடைசிவரை அவர் அந்த வீட்டுப் பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. அவரே விட்டுவிட்டதை நீ எதற்குக் கிளறுகிறாய்? பழைய காரையும் புதுக் காரையும் ஒப்பிட்டு நான் பத்துக் கட்டுரை எழுதியாகிவிட்டது. பதினொன்றாவது எழுதாவிட்டால் குடி முழுகிவிடாது.

ஏதாவது காரணம் சொல்லி அந்த வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். ஒத்தடம் கொடுத்தேன், கொஞ்சம் கேட்கிறது.

அப்பா தப்பாகப் பேசவில்லை என்கிறாய். அவர் எதைத்தான் பேசினார்? ஜெயிலிலிருந்து வந்த பிறகு வாயைத் திறந்து நீ பார்த்தாயா?

வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தினமும் போகிறேன். ஷெட் நம் வீட்டைவிடப் பெரிசு. தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். வெண்ணெய் நிறத்தில் நடுவே நிற்கிறது அந்த வண்டி. "மகாராணி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூலையில் சிவப்புத் தவளை.

கிழவன் தினமும் காலை பத்து மணிக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறான். யார் வந்தாலும் ஒரே கதை. நேற்று இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் பின் சீட்டின் ஸ்பிரிங்கைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்பதுலதான் வந்துட்டிருந்தேன். பக்கத்துல என் சம்சாரம். பின்னால பையன், அப்ப ஏழு வயசு. வளைவு வந்துச்சு, பிரேக்க மிதிச்சேன், பெடல் அப்படியே தரைக்குப் போயிருச்சு. நேரா பாலத்துச் சுவர். அவ போய்ட்டா. அப்புறம் பாத்தா, மெக்கானிக் பிரேக் பைப்போட நட்டை இறுக்காமலே விட்டிருக்கான்."

"அடப்பாவி" என்றார் வந்தவர்.

"குடிகாரன் சார். குடிச்சிட்டு வேலை பாத்தா நட்டு எங்க கண்ணுக்குத் தெரியும்?"

குடிகாரன். கேட்டாயா தம்பி? இருமல் மருந்துகூட நாற்றமடிக்கிறது என்று குடிக்காத மனுஷன். "நீ ஒப்புக்கோ, ஒரே மாசத்துல நான் வெளிய எடுத்துடறேன்" என்று இவன் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்ட மனுஷன். வெளியே வர இரண்டு வருடம் ஆயிற்று. வந்த பிறகு பதினோரு கராஜ் ஏறி இறங்கினார். ஒருத்தரும் சேர்க்கவில்லை. ஏன் என்று இத்தனை நாள் எனக்குப் புரியவில்லை. நேற்றுப் புரிந்தது. இந்தக் கதை அவருக்கு முன்னாலேயே போய் அங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறது.

ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. கிழவன்தான் பார்த்தான். "ரத்தம் வருது பாருங்கம்மா, தோல்ல பட்டுடப் போகுது" என்றான்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

மார்ச் 2

அக்காவுக்கு,

நலம். நலம்தானே?

குடிகாரன் என்றா சொன்னார்? அந்த வார்த்தையையேவா?

ஆசிரியரிடம் பேசிவிட்டேன். பெரியவருக்குப் பத்திரிகையிலிருந்து கடிதம் போயிருக்கிறது. அப்பாவும் மகனும் ஒரே நாளில், ஒரே பாதையில், அவரவர் வண்டியோடு. பெரியவர் உடனே சம்மதித்துவிட்டார். தன் வண்டியைத் தானேதான் ஓட்டுவாராம். எழுபத்தாறு வயதிலும் கை நடுங்காதாம்.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். மகாராணியின் பிரேக் பழையதுதானா, மாற்றியிருக்கிறார்களா? டயர் அதே அளவுதானா? சாடையாகக் கேள்.

புது வண்டிகளில் நான் நிறைய ஓட்டிவிட்டேன் அக்கா. எவ்வளவு வெறியோடு மிதித்தாலும் சக்கரத்தைப் பூட்டவிடாமல் வண்டியே பார்த்துக்கொள்ளும். ஓட்டுகிறவன் தப்புச் செய்தாலும் மூடி மறைத்துவிடும். பழைய வண்டிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஓட்டியவன் என்ன செய்தானோ அதை ரோட்டிலேயே எழுதிவைத்துவிடும்.

தம்பி

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அத்தான் இப்போது மாடிப்படி ஏறுகிறார்.

கேட்டேன். கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அவனே பெருமையடித்தான். "மோதினதுல முன்பக்கம் போச்சு, அதை மட்டும் மாத்தினோம். பிரேக்கெல்லாம் அதேதான். அந்த ஒரு நட்டை இறுக்கினோம், அவ்வளவுதான்" என்றான். டயரும் அதே அளவுதான்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். விபத்து நடந்த இடத்தில் போலீஸ் போட்ட வரைபடம். அப்பா காரியம் முடிந்த மாதமே கோர்ட்டில் மனுப் போட்டு நகல் வாங்கினேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாய். வளைவுக்கும் பாலத்துக்கும் நடுவே இரண்டு கோடு போட்டு, "டயர் தேய்ந்த தடம், 68 மீட்டர்" என்று எழுதியிருக்கிறது பார். அப்பா ஒப்புக்கொண்டுவிட்டதால் விசாரணையே நடக்கவில்லை. இதை யாரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. எட்டு வருடமாக என் பீரோவில் கிடக்கிறது. இதற்கு அர்த்தம் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நீதான்.

இப்போது காருக்கு அடியிலும் எனக்கு வேலை. சீட்டுப் போல்ட்டைக் கழற்றக் கீழே படுத்துத்தான் ஆக வேண்டும். அப்பாவின் பழைய ஸ்பேனர்களை எடுத்துப் போகிறேன்.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாளை நூறு தடவை பார்த்துவிட்டேன்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். பிரேக் பிடித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டால்தான் தாரில் டயர் தேய்ந்து கறுப்புத் தடம் விழும். நட்டுக் கழன்று, பெடல் தரைக்குப் போயிருந்தால் தடமே இருக்காது. வண்டி உருண்டுபோய் மோதியிருக்கும். அறுபத்தெட்டு மீட்டர் தடம் என்றால் பிரேக் பிடித்திருக்கிறது. கெட்டியாகப் பிடித்திருக்கிறது. ஐம்பதில் வந்தால் அந்த வண்டி பதினேழு மீட்டருக்குள் நின்றிருக்கும். இவர் நூறுக்கு மேல் வந்திருக்கிறார்.

கணக்குப் போட்டு நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவரே ஓட்டி, அவரே மிதித்து, அவர் மகன் டேப் பிடித்து அளக்க வேண்டும். ஏப்ரல் 27, இப்போது விமானம் எதுவும் இறங்காத பழைய விமானத்தளம் ஒன்றில்.

அக்கா, காருக்கு அடியில் வேலை என்று எழுதியிருக்கிறாய். சீட்டுக்குத்தானே? வேறு எதிலும் கைவைக்கவில்லையே? உடனே எழுது.

தம்பி

ஏப்ரல் 8

அக்காவுக்கு,

பதினைந்து நாளாகப் பதில் இல்லை. கடைக்குப் போன் செய்தால் அத்தான், "வேலைக்குப் போயிருக்கா, வந்ததும் எழுதச் சொல்றேன்" என்கிறார். நீ பேச மாட்டேன் என்கிறாய்.

அன்றைக்கு அங்கே பெரியவர் மட்டும் இருக்கப் போவதில்லை. ஓரத்தில் மகன் நிற்பான், போட்டோக்காரர் நிற்பார், நான் நிற்பேன். நீ என்ன செய்தாய்? ஒரு வரி போதும். இல்லை என்று எழுது. இல்லாவிட்டால் இதை நிறுத்திவிடுவேன்.

தம்பி

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன்னைப் பயமுறுத்திவிட்டேன், மன்னித்துக்கொள். எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதவில்லை.

கைவைத்தேன். மார்ச் இருபதாம் தேதி, மதியம். கிழவன் சாப்பிட உள்ளே போயிருந்தான். நான் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்திருந்தேன். முகத்துக்கு ஒரு முழம் மேலே அந்தப் பைப், அந்த நட்டு. ஸ்பேனர் சரியாகப் பொருந்தியது. அரைச் சுற்றுச் சுற்றினேன். கண்ணீர் மாதிரி ஒரு சொட்டு எண்ணெய் என் கன்னத்தில் விழுந்தது. இன்னும் இரண்டு சுற்று, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவனும் பெடலைத் தரைவரை மிதித்துப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. நான் இதைக் கழற்றினால் அவன் சொன்ன பொய் நிஜமாகிவிடும். "பாத்தீங்களா, அதே நட்டு" என்பார்கள். இருபத்திரண்டு வருடம் அவன் சொன்ன கதைக்கு அப்பாவின் ஸ்பேனராலேயே நான் சாட்சி சொன்னதாகிவிடும்.

இறுக்கினேன். கை வலிக்கிற வரைக்கும் இறுக்கினேன். மறுநாள் டிரைவரிடம், "எண்ணெய் கசியற மாதிரி இருக்கு, ஒரு தடவை ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க" என்று நானே சொன்னேன். நல்ல மெக்கானிக் ஒருவர் வந்து நாலு சக்கரத்தையும் கழற்றித் துடைத்து, பழைய பிரேக் கட்டையையே சரியாகப் பொருத்தி, புது எண்ணெய் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் இரக்கப்பட்டேன் என்று நினைத்துவிடாதே. அந்த பிரேக் பிடிக்க வேண்டும் தம்பி. அவன் மிதிக்க மிதிக்கப் பிடிக்க வேண்டும். ஊரே பார்க்கப் பிடிக்க வேண்டும். நான் கேட்பது அதுதான்.

பயப்படாமல் தூங்கு.

அக்கா

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

நேற்று முன்தினம் எல்லாம் முடிந்தது. வெயில் ஏறுவதற்குள் தொடங்கிவிட்டோம். பெரியவர் கையுறை, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மகன் அமைதியான பையன். சிவப்பு வண்டியை முதலில் நான் ஓட்டினேன். நூறிலிருந்து நின்றது முப்பத்தைந்தாவது மீட்டரில். தரையில் தடமே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன், "இந்த வண்டிய ஏன் வாங்கினேன் தெரியுமா சார்? வேகத்துக்கு இல்ல, பிரேக்குக்கு. அம்மா பிரேக் இல்லாமதான் போனாங்க" என்றான். அந்த இடத்திலேயே சோதனையை நிறுத்திவிட்டு நான் திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை.

பிறகு மகாராணி. ஐம்பதிலிருந்து பதினாறரை மீட்டர். பெரியவர் இறங்கிக் கைதட்டினார். "பாத்தீங்களா? எங்க மகாராணி நின்னா நின்னதுதான்!" அடுத்து நூறு. டயர் வீறிட்டது, ரப்பர் புகை வந்தது, தரையில் இரண்டு கறுப்புக் கோடு விழுந்தது. மகன் டேப்பை இழுத்துக்கொண்டு நடந்தான். அறுபத்தாறு மீட்டர்.

அவன் அந்தக் கோட்டைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றான். திரும்பி வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டான். "பிரேக் பிடிச்சாத்தானே சார் இப்படித் தடம் விழும்?"

"ஆமா."

"அன்னைக்கும் ரோட்டுல இருந்துச்சு. நான் பாத்தேன். கனவு கண்டிருப்பேன்னு அப்பா சொல்வாரு."

நான் வரைபடத்தை அவனிடம் காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டுமோ என்னவோ. அது ஜூன் இதழில் கட்டுரையோடு வருகிறது. கோர்ட் நகல் என்பதால் ஆசிரியருக்கும் தயக்கமில்லை. நான் குற்றம் சாட்டி எதுவும் எழுதவில்லை. ஐம்பதில் பதினாறரை, நூறில் அறுபத்தாறு, அன்றைக்கு அறுபத்தெட்டு. அவ்வளவுதான்.

அந்தப் பையனை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது.

தம்பி

ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ நன்றாக இருக்க வேண்டும். நன்றாக எழுதியிருக்கிறாய்.

மூன்றாம் தேதி இதழ் வந்தது. கடைசி வேலையாகக் கதவு ஓரத்துக்குத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தேன். கட்டுரையைக் கொண்டாட அன்றைக்கு ஷெட்டில் ஏழெட்டுப் பேர், எல்லாம் பழைய கார்க்காரர்கள். "நீயே படி, சத்தமா படி" என்று மகனிடம் கொடுத்தான் கிழவன். அவன் முதலிலேயே படித்திருப்பான் போல. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் படித்தான். அறுபத்தெட்டு மீட்டர் என்ற இடத்தில் நிறுத்தினான்.

"அப்பா, அன்னைக்கு என்ன வேகத்துல வந்தீங்க?"

"அதான் எத்தனை தடவ சொல்றது? அம்பது. பிரேக் பிடிக்கல."

"பிடிக்காத பிரேக்குக்குத் தடம் எப்படிப்பா விழும்?"

மகன் இதழை மூடிக் கீழே வைத்தான்.

"அம்மா கத்தினாங்கப்பா. 'மெதுவா போங்க, மெதுவா போங்க'ன்னு. நான் கேட்டேன். நீங்கதான் கனவுன்னு சொன்னீங்க."

கிழவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லாரும் கார்க்காரர்கள், எல்லாருக்கும் அந்தக் கணக்குப் புரிந்துவிட்டது. கடைசியில் பிடிமானம் தேடுகிற மாதிரி என்னைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்கம்மா. நாலு மாசமா வண்டிக்கு அடியிலயே கெடக்கறீங்க. இது பழைய பிரேக்குதானே, அப்பப்ப சொதப்பும்தானே?"

நான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன்.

"நல்லா பிடிக்குதுங்க. எங்கப்பா போட்ட பிரேக்."

அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். வந்தவர்கள் ஒவ்வொருவராக, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் போனார்கள். நான் சாமான்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வாசல் வழியாகவே வந்தேன். வீட்டுக்கு வந்து மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அந்தப் பையன் என்னைத் தேடி இங்கே வந்திருந்தான். வீட்டைவிட்டு வந்துவிட்டானாம். நான் யார் என்று அவனிடம் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். அழுதான். நம் அப்பா மீதான குற்றத்தை நீக்கக் கோரி மனுப் போட வக்கீலைப் பார்த்திருக்கிறான். அவனே சாட்சி சொல்லப் போகிறானாம். பெரியவர் வீட்டுக்கு இப்போது யாரும் வருவதில்லை என்றும் சொன்னான்.

இதற்குமேல் என்ன வேண்டும்? போதும் அக்கா, விட்டுவிடலாம்.

தம்பி

ஆகஸ்ட் 17

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அத்தானும் சுகம். மழை பிடித்துக்கொண்டது, கடையில் ஒரு பக்கம் ஒழுகுகிறது.

அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குச் சோறு போட்டு அனுப்பினாயா? மனு வந்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

போன மாதம் கிழவன் கடைக்கு வந்தான். வாடகை வண்டியில், தனியாக. மழையில் நனைந்துகொண்டே வாசலில் நின்றான். நான் உட்காரச் சொல்லவில்லை.

"தப்புதாம்மா. பையன் மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு அன்னைக்கு அப்படிச் சொல்லிட்டேன். அப்புறம் சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசமாயிருச்சு. நான் என்ன செய்யணும், சொல்லு."

"எங்கப்பா பதினோரு கராஜ்ல வேலை கேட்டாரு. பதினொண்ணுக்கும் நீங்க போங்க. அவர் குடிக்கலன்னு சொல்லுங்க. நட்டை இறுக்கியிருந்தார்னு சொல்லுங்க. நான் வேகமா ஓட்டித்தான் என் சம்சாரம் செத்தாள்னு உங்க வாயால சொல்லுங்க."

"எழுபத்தாறு வயசும்மா."

"எங்கப்பா அறுபத்தொண்ணுலயே போய்ட்டாரு."

பட்டியலை எழுதிக் கொடுத்தேன். போகிறான், தம்பி. வாரத்துக்கு ஒன்று. ஒரு கராஜ் முதலாளி செத்துப்போய்விட்டார், அதை விட்டுவிடலாமா என்று கேட்டு அனுப்பினான். அவர் மகனிடம் சொல்லச் சொன்னேன். நாலாவது கராஜில், வேலைக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்ல முடியாமல் உட்கார்ந்து அழுதானாம். அந்த முதலாளி எனக்குப் போன் செய்து, "பாவமா இருக்கும்மா, விட்டுடேன்" என்றார். "சொல்லி முடிச்சாரா?" என்று கேட்டேன். "முடிச்சாரு" என்றார். சரி என்று வைத்துவிட்டேன்.

நீயும் விட்டுவிடு என்று எழுதியிருக்கிறாய். நீ நல்லவன், விட்டுவிடு. என்னால் முடியாது.

நாளைக்கு ஐந்தாவது கராஜ். மழைக்காலம், தலையை நன்றாகத் துவட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா